அமெரிக்கக் கல்லூரியில் 'டைவர்சிட்டி' பாடம் கட்டாயமாமே, கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவனுக்கு அது எதற்கு? அந்தக் காலத்திலும் இப்படித்தானா?

உங்கள் மகனுக்கு அட்மிஷன் வந்த கையோடு வந்த பாடப் பட்டியலில் இப்படி ஒரு வரி இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். "கம்ப்யூட்டர் படிக்கத்தானே இவ்வளவு டாலர் கட்டுகிறோம்?" என்ற உங்கள் கேள்வி எனக்குப் பழகிய கேள்விதான். 1992 இல் என் அப்பாவும் இதையேதான் கேட்டார். டாலர்தான் அப்போது குறைவு.

டைவர்சிட்டி பாடம் என்றால் பல இனத்தவரின் வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லும் பாடம். முதலில் இதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் இது ஒரே ஒரு பாடம், மூன்று அல்லது நான்கு கிரெடிட். பட்டம் வாங்க மொத்தம் 120 கிரெடிட் வேண்டும். நம் ஊர் கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பிள்ளையும் பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் எழுதித்தானே ஆக வேண்டும்? அதே மாதிரி அங்கேயும் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் டிக் அடிக்க வேண்டிய கட்டங்களில் ஒன்று இது. இந்த ஒரு கட்டத்துக்காக அரை நூற்றாண்டுக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

நான் பதினைந்து வயதில், அப்பாவின் வேலை மாற்றத்தோடு, திருச்சியிலிருந்து கலிபோர்னியா போனவன். 1992 இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் சேர்ந்தேன். 'அமெரிக்கன் கல்ச்சர்ஸ்' என்ற நிபந்தனை அதற்கு முந்தைய வருடம்தான் அமலுக்கு வந்திருந்தது. அந்த வகைப் பாடங்களுக்கு எண்ணின் வாலில் 'ஏசி' என்று இருக்கும். "ஏசி கிளாஸ் முடிச்சிட்டியா?" என்று தமிழ்ப் பையன்கள் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். திருச்சி வெயிலில் வளர்ந்தவனுக்கு அதில் ஒரு தனிச் சிரிப்பு.

அதன் விதி நன்றாக யோசித்து வைத்தது. கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், ஆசிய வழியினர், மெக்சிகோ மற்றும் லத்தீன் அமெரிக்க வழியினர், ஐரோப்பிய வழியினர் என்று ஐந்து கூட்டம். ஒரு பாடம் இதில் மூன்றையாவது சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பேச வேண்டும். ஐரோப்பியர்களும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரப் பையனின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கதையும் உள்ளே வரும். எந்தத் துறையும் இந்தப் பாடத்தை நடத்தலாம். இன்னொரு பொதுப்பாடக் கணக்கிலும் அதையே காட்டிக்கொள்ளலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதால் எஞ்சினியரிங் பையன்களுக்கும் பெரிய மனக்குறை இல்லை.

இதுவும் லேசில் வரவில்லை. 1989 இல் பேராசிரியர்கள் ஓட்டுப் போட்டபோது 227க்கு 194. இன வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்ட் டகாகி முன்னின்று வாதாடியவர்களில் ஒருவர். ஹவாயில் பிறந்தவர், கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த ஜப்பானியர்களின் பேரன். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேருக்கு 'எதைப் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த நாம் யார்' என்ற தயக்கம். மீதிப் பேருக்குத் தங்கள் துறையின் கிரெடிட் குறைந்துவிடுமோ என்ற கவலை. பல்கலைக்கழக அரசியலும் பஞ்சாயத்து அரசியல் மாதிரிதான். கொள்கை பாதி, வாய்க்கால் தண்ணீர் பாதி.

இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. பெர்க்லிக்கு எதிரே, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில், எங்கள் இனத்தவரின் வரலாறும் பாடமாக வேண்டும் என்று 1968 நவம்பர் 6 அன்று மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கறுப்பின மாணவர்களோடு ஆசிய, மெக்சிகோ வழி மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மறுமார்ச் வரை, நான்கு மாதத்துக்கும் மேல் இழுத்தது. நடுவில் கல்லூரியின் தற்காலிகத் தலைவராக வந்த ஹயகாவா என்ற மொழியியல் பேராசிரியர், மாணவர்களின் ஒலிபெருக்கி லாரி மேல் தானே ஏறி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். ஜப்பானிய வழியினரான அவர் அந்த ஒரு காட்சியால் நாடு முழுக்கப் பேர் வாங்கி, பிற்பாடு செனட்டராகவும் ஆனார். மாணவர்களுக்குக் கிடைத்தது அமெரிக்காவின் முதல் இனவியல் கல்லூரி, அதாவது கறுப்பின, ஆசிய, லத்தீன், பூர்வகுடி மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் படிக்கும் இடம். அங்கே நடந்தது எல்லாம் விருப்பப் பாடம். 'எல்லோருக்கும் கட்டாயம்' என்ற பேச்சு எண்பதுகளில்தான் சூடு பிடித்தது. விஸ்கான்சின் மேடிசன், மிச்சிகன் எல்லாம் பெர்க்லியை ஒட்டி முன்னும் பின்னுமாகக் கொண்டுவந்தன.

ஸ்டான்ஃபோர்டில் சண்டை வேறு விதம். அங்கே ஏற்கெனவே 'மேற்கத்தியப் பண்பாடு' என்று முதல் வருடத்துக்கு ஒரு கட்டாயப் பாடம். ஹோமர், பிளேட்டோ என்று போகும் புத்தகப் பட்டியல். பெண்களும் மற்ற இனத்தவரும் எழுதியது எங்கே என்று மாணவர்கள் கேட்டார்கள். 1987 இல் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் கூடவே நடந்து வர ஊர்வலம் போனார்கள். 1988 மார்ச்சில் 39க்கு 4 என்ற ஓட்டில் பாடத்தின் பெயரும் பட்டியலும் மாறின. அன்றைய கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் ஸ்டான்ஃபோர்டுக்கே வந்து கண்டித்தார். பிளேட்டோவை எரித்துவிட்டார்கள் என்கிற மாதிரி பத்திரிகைகள் எழுதின. பிளேட்டோ எங்கும் போகவில்லை.

சரி, என் ஏசி வகுப்புக்கு வருகிறேன். குடியேற்ற வரலாறு. போனில் எண்களை அழுத்திப் பாடம் பதிவு செய்த காலம் அது. மதியம் இரண்டு மணிக்கு, லேப் இல்லாத நாளில் வந்தது என்பதைத் தவிர அதை எடுக்க எனக்கு வேறு காரணம் கிடையாது. புத்தகத்துக்குப் பதிலாக, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு கனத்த கட்டு. பாதிப் பக்கங்களில் ஓரத்து எழுத்து அறுந்துபோயிருக்கும். அந்தக் கட்டில்தான் பகத் சிங் திந்த் என்ற பெயரைப் பார்த்தேன். நம் பகத் சிங் இல்லை, வேறொருவர். 1913 இல் பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். குடியுரிமை கேட்டார். 1790 ஆம் வருடச் சட்டப்படி குடியுரிமை 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆப்பிரிக்க வழியினரையும் சேர்த்தார்கள். இந்தியன் இரண்டிலும் இல்லை.

1922 நவம்பரில் டகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்றால் 'காகேசிய இனம்' (அந்தக் கால இன அறிவியல் ஐரோப்பியரோடு இந்தியர் பலரையும் சேர்த்து வைத்த பெயர்) என்று சொல்லி அவரை வெளியே தள்ளியிருந்தது. திந்த் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. நாங்கள் காகேசியர்தான், அதிலும் உயர்சாதி, ஆரியர் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. கல்யாண விஷயத்தில் அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை எப்படி ஒதுக்குகிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்துவும் இந்தியாவின் பழங்குடியை ஒதுக்குகிறார் என்றும் மனுவில் எழுதினார்கள். அதைத் தங்களுக்குச் சாதகமான வாதமாகவே எழுதினார்கள்! 1923 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. காகேசியர் என்று அறிவியல் சொன்னால் போதாது, சாதாரண மனிதன் பார்வையில் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று மூன்றே மாதத்தில் நீதிமன்றம் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லேண்ட் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர்.

வகுப்பை நடத்திய ஆராய்ச்சி மாணவி அந்த மனுப் பகுதியை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். அறையில் இந்திய முகம் இரண்டே இரண்டு. ஒரு பஞ்சாபிப் பெண், அப்புறம் நான். அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பின் மேல் கோபம். எனக்கு மனுவின் மேலேயே கோபம். திந்த் ஜெயித்திருந்தாலும் அந்த வாதப்படி நான் உள்ளே வந்திருப்பேனா? இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல் திக்கித் திணறி ஏதோ சொன்னேன். அன்றுதான் அந்த அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதுவரை நான் 'கால்குலேட்டர் வைத்திருக்கும் பையன்'.

ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். பெரியார் பேச்சை நேரில் கேட்டு வளர்ந்தவர். விழுந்து விழுந்து சிரித்தார். "ஆரியன்னு சொல்லி உள்ள போகப் பாத்தானா? அங்கேயும் போய் அதே கதையா? கோர்ட்டு என்ன சொல்லுச்சு?" தீர்ப்பைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறித்ததையும் சொன்னேன். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர், 1928 இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன்பு அவர் மனைவி கலா பகாயோடு குடும்பமாகப் பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோனபோது அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விடவில்லை. "நீ இருக்கிற ஊரா?" என்றார் அப்பா. ஆமாம், நான் இருக்கிற ஊர்தான். பாடம் எதற்கு என்று அதன்பிறகு அவர் கேட்கவில்லை. (அந்த ஊரின் கடைவீதியில் ஒரு பகுதிக்கு இப்போது 'கலா பகாய் வே' என்று பெயர்.)

எல்லா ஏசி வகுப்பும் இப்படி என்று சொன்னால் பொய். என் அறைத்தோழன் எடுத்ததில் வாத்தியாருக்கே ஆர்வம் இல்லை. வந்தவனுக்கெல்லாம் ஏ கிரேடு, கற்றது பூஜ்யம்.

இப்போது நடப்பதைப் பார்க்கலாம். நாடு இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் போகிறது. கலிபோர்னியாவில் பிடி இறுகியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில், இதே மாதிரிப் பாடத்தைக் கட்டாயமாக்க 2012 இல் வந்து தோற்ற தீர்மானம் 2014 இல் 332க்கு 303 என்று தப்பிப் பிழைத்து, 2015 இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து அமலானது. 2020 ஆகஸ்டில் ஆளுநர் நியூசம் ஏபி 1460 என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அப்போது இருந்த 23 வளாகங்களிலும் மூன்று கிரெடிட் இனவியல் பாடம் கட்டாயமானது. சட்டம் கொண்டுவந்தவர் ஷெர்லி வெபர், அவரே சான் டியேகோ ஸ்டேட்டில் அந்தத் துறைப் பேராசிரியராக இருந்தவர். அன்று பேராசிரியர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ததை இன்று சட்டசபை முடிவு செய்கிறது. எனக்கு அதில் உறுத்தல் உண்டு. இன்றைக்கு ஒரு சட்டசபை கட்டாயமாக்கினால் நாளைக்கு இன்னொன்று தடை செய்யும்.

என் மகள் அந்த வளாகங்களில் ஒன்றில்தான் படித்தாள். பாடம் முழுக்க ஆன்லைன். வாரா வாரம் இணைய விவாதப் பலகையில் இருநூறு வார்த்தை எழுதி, இரண்டு பேருக்கு 'நல்ல கருத்து' என்று பதில் போட வேண்டும். இதற்குப் பேர் விவாதமா என்று நான் புலம்பினேன். ஆனால் அதே பாடத்தில்தான் கலிபோர்னியாவின் 1965 டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியது லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோத் தொழிலாளர்கள் என்பதைப் படித்துவிட்டு வந்து, "சீசர் சாவெஸ் எட்டு நாள் கழிச்சுத்தான் சேர்ந்தார், தெரியுமாப்பா?" என்று சாப்பாட்டு மேசையில் என்னை மடக்கினாள். அந்தப் போராட்டம் என்றாலே எல்லோரும் சொல்வது சாவெஸ் பெயரைத்தான். எனக்குத் தெரியாது. ஒரு குறை மட்டும் சொல்வேன். புதிய விதியில் ஐரோப்பிய வழியினர் இல்லை, ஒப்பிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெர்க்லிக்காரர்களின் பழைய விதிதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

எதிர்த் திசையில் ஃபுளோரிடா. 2023 இல் ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டம் பொதுப்பாடங்களில் என்ன பேசக்கூடாது என்று வரையறுத்தது. 2024 ஜனவரியில் சமூகவியல் அறிமுகப் பாடத்தையே பொதுப்பாடப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வட கரோலினாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2025 பிப்ரவரியில், செமஸ்டர் நடுவிலேயே, இந்தக் கட்டாயம் உடனடியாக நிறுத்தம் என்று சுற்றறிக்கை வந்தது. என் தங்கை மகன் அங்கேதான் படிக்கிறான். "மாமா, இனி அந்தப் பாடம் வேண்டாமாம்" என்றான். விட்டுவிட்டாயா என்றேன். "விட்டா கிரெடிட் குறையும், ஸ்காலர்ஷிப் போயிடும். பாதி முடிஞ்சுடுச்சு, வாத்தியாரும் நல்லவர்" என்று முடித்தே விட்டான். மேலே இடிக்கும் இடி கீழே வகுப்பில் இப்படித்தான் விழுகிறது.

ஒஹாயோ கதை இன்னும் ருசி. 2025 மார்ச்சில் வந்த சட்டம் டைவர்சிட்டி பயிற்சிகளைத் தடை செய்த கையோடு, குடிமையியல் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கியது. அரசியலமைப்பு, லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை, பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் என்று போகும் அந்தப் பட்டியலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதமும் இருக்கிறது. எங்கள் ஜெராக்ஸ் கட்டிலும் அது இருந்தது. ஆக, கட்டாயப் பாடமே கூடாது என்பவர்களும் கட்டாயப் பாடத்தோடுதான் வருகிறார்கள். ஓரத்து எழுத்து அறுபடாமல் அச்சடித்தால் சரி.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். எந்த மாநிலம், அரசுப் பல்கலைக்கழகமா தனியாரா என்று முதலில் பாருங்கள். அவன் சேரும் வருடத்து விதிப் புத்தகம்தான் பொதுவாக அவனுக்குச் செல்லும், ஆனால் வட கரோலினா மாதிரி நடுவில் மாறவும் செய்யும். அதனால் ஒவ்வொரு செமஸ்டரும் அட்வைசரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் பாடம் இரண்டு கட்டத்துக்கும் கணக்காகும் என்பதையும் அவரிடமே கேட்கலாம். முதல் வருடமே எடுத்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் வாய் திறந்து பேசப் பழகிய பிறகு, இரண்டாம் வருடம் எடுக்கட்டும். ஆன்லைன் வேண்டாம். சீனியர்களிடம் பாடத்தைப் பற்றி விசாரிக்காமல் வாத்தியாரைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். காலை எட்டு மணி வகுப்பாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.