‘ட்ரையல் பை ஃபயர்’ தொடர் இழுவை, ஒருதலைப்பட்சம் என்கிறார்களே, பார்க்கலாமா? அதில் வருவதெல்லாம் நடந்ததா?

பார்க்கலாம். ஆனால் கொலையாளி யார் என்று கடைசியில் தெரியவரும் வகைத் தொடர் என்று நினைத்து உட்கார்ந்தால் இரண்டாவது எபிசோடிலேயே எழுந்துவிடுவீர்கள். இதில் குற்றவாளி யார் என்பது ஆரம்பத்திலேயே தெரியும். அவரைக் கூண்டில் ஏற்றி, தண்டனை வாங்கிக் கொடுத்து, அந்தத் தண்டனையை அனுபவிக்கவும் வைக்க முடியுமா என்பதுதான் கதை.

தெரியாதவர்களுக்கு: 1997 ஜூன் 13, தெற்கு டெல்லி கிரீன் பார்க்கில் உள்ள உபஹார் தியேட்டரில் மூன்று மணிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது தீ பிடித்தது. 59 பேர் இறந்தார்கள், 103 பேர் காயமடைந்தார்கள். தங்கள் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி மற்றக் குடும்பங்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து வழக்கு நடத்தினார்கள். 2016இல் அவர்கள் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்த 7 எபிசோட் இந்தித் தொடர் இது. நெட்ஃபிளிக்ஸில் 2023 ஜனவரி 13 அன்று வந்தது. நீலமாக ராஜ்ஸ்ரீ தேஷ்பாண்டே, சேகராக அபய் தியோல்.

முதலில் ‘இழுவை’ என்ற புகார். வழக்கின் தேதிகளைப் பாருங்கள். தீ விபத்து 1997. அதே ஆண்டு நவம்பரில் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு 2007 நவம்பர். நடுவில் பத்து வருஷம், வாய்தா மேல் வாய்தா. தியேட்டர் உரிமையாளர்களான அன்சல் சகோதரர்கள் சுஷில், கோபாலுக்குக் கிடைத்த தண்டனை இரண்டு வருஷம். 2008இல் உயர் நீதிமன்றம் அதை ஒரு வருஷமாகக் குறைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் குற்றம் உறுதி என்றார்கள், தண்டனை எவ்வளவு என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. 2015இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்டினால் சிறையில் இருந்த நாட்களே போதும் என்றது. 2017 பிப்ரவரியில் சீராய்வு மனுவில் தம்பி கோபால் அன்சல் மிச்சத் தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்று ஆனது. அண்ணன் சுஷில் அன்சலுக்கு வயதைக் காரணம் காட்டி விலக்கு. 2020இல் சங்கத்தின் கடைசி வாய்ப்பான கியூரேட்டிவ் மனுவும் தள்ளுபடி. இதைப் பரபரப்பாக எடுத்திருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும். நீதிமன்ற வராண்டாவில் ஒரு தாய் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவருக்கும் சலிப்பு வர வேண்டும் என்றே எடுத்திருக்கிறார்கள். ராஜ்ஸ்ரீ தேஷ்பாண்டே அதிகம் அழாமல் நடித்திருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. அழுதுகொண்டே இருபது வருஷம் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

‘ஒருதலைப்பட்சம்’ என்பதில் பாதி நியாயம் உண்டு. பெற்றோர் எழுதிய புத்தகம்தான் அடிப்படை, எனவே கேமராவும் அவர்கள் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறது. சுஷில் அன்சல் தொடருக்குத் தடை கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆனால் ‘ஒருதலைப்பட்சம்’ வேறு, ‘பொய்’ வேறு. தியேட்டர் தரப்பின் அலட்சியம் கீழ் நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை எல்லாப் படியிலும் நிரூபணமானது. தண்டனையின் அளவுதான் ஏறி இறங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ‘எதிர்த்தரப்பு நியாயத்தைக் காட்டவில்லை’ என்று எழுதுகிறவர்கள் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு உள்ள குறை வேறு. தீ எப்படிப் பிடித்தது, சாவு எப்படி வந்தது என்ற விவரம் தொடரில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அதைக் கோத்துப் பார்க்காதவர்கள்தான் ‘டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையது, தியேட்டர்காரர் என்ன செய்வார்?’ என்று கேட்கிறார்கள். தீர்ப்புகளில் உள்ளபடி இங்கே சொல்லிவிடுகிறேன்.

தியேட்டரின் தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய அறையில் டெல்லி மின்வாரியத்தின் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அன்று காலை 6:55 மணிக்கே அதில் ஒரு முறை தீ பிடித்து அணைத்திருக்கிறார்கள். முற்பகலில் மின்வாரிய ஆட்கள் வந்து, மூன்று பேஸ்களில் ஒன்றான பி பேஸின் கேபிள் முனையை இணைக்கும் இரண்டு அலுமினிய சாக்கெட்டுகளை மாற்றினார்கள். இதற்கு கிரிம்பிங் மெஷின் வேண்டும். அதுதான் சாக்கெட்டைக் கேபிளோடு சுற்றிலும் ஒரே சீராக அழுத்திப் பிடிக்கும். அன்று அதைப் பயன்படுத்தவில்லை. டையும் (அச்சு) சுத்தியலும் வைத்து அடித்தார்கள். அப்படி அடித்தால் உள்ளே இடைவெளி இருந்துகொண்டே இருக்கும், லோடு ஏறும்போது அந்த இடம் சூடாகும், பொறி கிளம்பும், பிடிப்பு இன்னும் தளரும். மாலை 3:55 முதல் 4:55 வரை கரண்ட் இல்லை. திரும்ப வந்த பிறகு கேபிள் கழன்று, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தகட்டில் உரசி, மின்பொறி அடித்து ஓட்டை போட்டது. சூடான எண்ணெய் கொட்டித் தீப்பற்றியது. கோளாறு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ரிலே கிடையாது. எண்ணெயைத் தேக்கிக்கொள்ளும் குழியும் கிடையாது. எண்ணெய் வெளியே ஓடிக் கார்கள் எரிந்தன.

இதுவரை மின்வாரியத்தின் பங்கு. இனிமேல் தியேட்டருடையது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயில் கருகியவர்கள் அல்ல. பால்கனியில் உட்கார்ந்திருந்து புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். கீழே கிளம்பிய புகை படிக்கட்டு வழியாகவும் ஏ.சி. வழியாகவும் மேலே ஏறியது. 1973இல் தியேட்டர் திறந்தபோது பால்கனிக்கு அனுமதித்த இருக்கைகள் 250. எமர்ஜென்சி காலத்தில் விதியைத் தளர்த்திக் கூடுதல் இருக்கைகளுக்கு இடம் கொடுத்தார்கள். வலது ஓர நடைபாதை அப்படித்தான் மறைந்தது. 1978இல் எட்டு இருக்கை கொண்ட தனி பாக்ஸ் ஒன்று வந்து வலதுபக்க வெளிவாசலை அடைத்தது. 1979இல் அந்தத் தளர்வை ரத்து செய்தபோதும் கூடுதல் இருக்கைகளில் ஒரு பகுதி அப்படியே நின்றுவிட்டது, அனுமதியோடுதான்! ஆக, இருட்டில், புகையில், அத்தனை பேரும் ஒரே பக்கம் முண்டியடிக்க வேண்டிய நிலை. மைக்கில் அறிவிப்பு இல்லை. அவசர விளக்கு எரியவில்லை. கதவு தாழிட்டிருந்தது. புகை பரவும் வேகத்தோடு போட்டி போட அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களைத் தின்றது இருக்கை வரிசைதான்.

அனுமதி கொடுத்த அதிகாரிகளின் பங்கைத் தொடர் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறது என்பது என் எண்ணம். உரிமையாளர் கேட்டார், அதிகாரி கொடுத்தார், வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பித்தார்கள். இதற்குத் தனியாக ஒரு எபிசோடே ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: ‘59 பேர் செத்ததற்கு வெறும் இரண்டு வருஷமா?’ நீதிபதி கருணை காட்டியதால் வந்ததல்ல அது. வழக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில், அதாவது அலட்சியத்தால் மரணம் என்ற பிரிவில் நடந்தது. அதில் உச்சபட்சத் தண்டனையே இரண்டு வருஷம்தான். சாவு நேரும் என்று தெரிந்தே செய்தார்கள் என்று சொல்லும் 304 இரண்டாம் பகுதிக்கு மாற்றினால் பத்து வருஷம் வரை போகலாம். சங்கம் அதற்குத்தான் போராடியது, கிடைக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு அலட்சிய மரணத்துக்கு ஐந்து வருஷம் வரை தருகிறது. பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாது. கும்பகோணம் பள்ளித் தீ விபத்து (2004, 94 குழந்தைகள்) இதே வழியில் போனது நம்மவர்களுக்கு நினைவிருக்கும். தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வரப் பத்து வருஷம், நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017இல் உயர் நீதிமன்றம் அதைச் சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது.

ஆவணங்கள் காணாமல் போகும் பகுதியைச் சிலர் ‘சினிமாத்தனம்’ என்று எழுதியிருந்தார்கள். தொடரிலேயே மிகவும் நம்பத்தகுந்த பகுதி அதுதான். அன்சல் சகோதரர்களின் முக்கிய வாதம், ‘1988லேயே இயக்குநர் பதவியை விட்டுவிட்டோம், அன்றாட நிர்வாகத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்பது. அதை உடைத்தவை காசோலைகளும் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) கூட்டக் குறிப்புகளும். சுஷில் அன்சல் தன் பெயருக்கே எழுதிய 50 லட்ச ரூபாய்க் காசோலை அவற்றில் ஒன்று. நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்த வழக்குக் கோப்பிலிருந்து சரியாக இந்த வகைக் காகிதங்கள்தான் கிழிந்தும் மை கொட்டியும் மறைந்தும் போயிருந்தன. யாரோ ஒரு திருடன் பழைய பேப்பர் கடைக்குப் போட எடுத்திருந்தால் இப்படிப் பொறுக்கி எடுத்திருக்க மாட்டான். நீதிமன்ற ஊழியர் ஒருவர் வேலையிழந்தார். தனி வழக்கில் 2021 நவம்பரில் சகோதரர்களுக்கு ஏழு வருஷத் தண்டனையும் ஆளுக்கு 2.25 கோடி அபராதமும் கிடைத்தன. 59 உயிருக்கு இரண்டு, காகிதத்துக்கு ஏழு. ஆனால் 2022 ஜூலையில் மேல்முறையீட்டில் அந்த ஏழும் சிறையில் கழித்த நாட்களாகச் சுருங்கிவிட்டது.

தொடரில் மிகச் சிறிய இடம் பெற்றது இழப்பீட்டு வழக்கு. 2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் இருபது வயதுக்கு மேற்பட்டவர் இறந்திருந்தால் 18 லட்சம், அதற்குக் கீழ் என்றால் 15 லட்சம், காயமடைந்தவருக்கு ஒரு லட்சம் என்றது. அபராத இழப்பீடாக 2.5 கோடி. 2011இல் உச்ச நீதிமன்றம் முதல் இரண்டையும் 10 லட்சம், 7.5 லட்சம் என்றும் அபராத இழப்பீட்டை 25 லட்சம் என்றும் குறைத்தது. காயமடைந்தவரின் ஒரு லட்சத்தை மட்டும் தொடவில்லை. பொறுப்பில் 85 சதவீதம் தியேட்டருக்கு, 15 மின்வாரியத்துக்கு. மாநகராட்சியும் லைசென்ஸ் கொடுத்த காவல்துறையும் தப்பித்துக்கொண்டன. பணத்தைக் காட்டிக் குடும்பங்களை வளைக்கப் பார்க்கும் ஆளாக ஆசிஷ் வித்யார்த்தி வருகிறார். இந்தத் தொகைகளைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பேரங்களின் கனம் புரியும்.

கிளைக்கதைகள் தேவையா என்பதில் பார்வையாளர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். அனுபம் கேர், ரத்னா பாட்டக் ஷா வரும் பகுதி மையக் கதையை நிறுத்திவைக்கிறது என்பது உண்மை. நடிப்புக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். ராஜேஷ் தைலங் நடித்த மின்வாரிய ஊழியரின் கதையை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். ரிப்பேர் பார்த்த தொழிலாளி சிறைக்குப் போனால் அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்று வேறு யாரும் கேட்கவில்லை.

கடைசி எபிசோட் மறுபடி அந்த வெள்ளிக்கிழமைக்கே போகிறது. குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். உட்காரும் முன் மேலே சொன்ன மூன்று நேரங்களை, காலை 6:55, முற்பகல் ரிப்பேர், மாலை 4:55, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எந்த இடத்தில் யார் நிறுத்தியிருக்க முடியும் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.