‘சப்டியூ’ என்ற வினையும் அதன் சுற்றமும்: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புகளுக்குப் பொது ஆங்கிலம் கற்பிக்கிறேன், மொழிபெயர்ப்பு வேலையும் செய்கிறேன். ‘சப்டியூ’ என்ற ஆங்கில வினையைப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. இயன்றவரை பதில் தருகிறேன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவி): மிஸ், ‘சப்டியூ’ என்றால் அடக்குதல், அவ்வளவுதானே? அகராதியில் ஏன் இத்தனை பொருள்?

அவ்வளவுதான் என்று நிறுத்திவிடாதீர்கள். எதை அடக்குகிறோம் என்று பார்த்தால்தான் பொருள் தெளியும். திமிறுகிற ஆள் ஒருவன்; கத்தியோடு நின்றவனைப் பொலிஸார் மடக்கிவிட்டார்கள். அங்கே ‘சப்டியூ’ சரியாக உட்காரும். அவனுடைய எதிர்ப்பு ஓய்ந்துவிட்டது, ஆள் உயிரோடு இருக்கிறான். நாட்டையோ இனத்தையோ படை கொண்டு பணியவைப்பது அடுத்தது. இதைச் சரித்திரப் புத்தகங்களில்தான் அதிகம் காண்பீர்கள். பிறகு உணர்ச்சி: பொங்கிவரும் கோபத்தை, பயத்தை உள்ளேயே அமர்த்துவது.

ஆனால் நீங்கள் அன்றாடம் சந்திக்கப்போவது ‘சப்டியூட்’ என்ற பெயரடையைத்தான். கண்ணை உறுத்தாத வெளிச்சம், மங்கிய நிறம், தாழ்ந்த குரல், சுறுசுறுப்பில்லாத சந்தை எல்லாவற்றுக்கும் அதுதான். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, வருடாவருடம் பிள்ளைகள் விழுகிறார்கள். ‘அப்பப்பா அடக்கமானவர்’ என்று எழுத நினைத்து அவரை ‘சப்டியூட்’ ஆக்கிவிடுகிறார்கள். வாசிக்கிறவருக்கு அவர் ஏதோ கவலையில் வழக்கத்தைவிட ஒடுங்கிப்போயிருக்கிறார் என்றுதான் படும். நீங்கள் தேடியது ‘மொடெஸ்ட்’.

இந்தச் சொல்லின் பழைய பிரெஞ்சு வேர்ச்சொல்லுக்கு ஏமாற்றுதல், மயக்குதல் என்பதே பொருள். ‘கீழே வைத்தல்’ என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் வினையின் சாயல் ஏறி, ஆங்கிலத்தில் பணியவைத்தல் ஆகிவிட்டது.

கேள்வி (பம்பலப்பிட்டி): எப்படி உச்சரிப்பது?

அழுத்தம் இரண்டாவது அசையில்: சப்-டியூ. அமெரிக்கர்கள் ‘சப்-டூ’ என்பார்கள். இரண்டும் சரி.

கேள்வி (மட்டக்குளி, தந்தை): மகனுக்குப் பரீட்சை. இதன் ஒத்த சொற்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தரமுடியுமா?

தரமாட்டேன் ஐயா. கோபத்தில் சொல்லவில்லை, மகனின் நன்மைக்காகச் சொல்கிறேன். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைத்துவிடும். கலகத்துக்கு ‘குவெல்’, செலவுக்கு ‘கேர்ப்’, மிருகத்துக்கு ‘டேம்’, சாட்சியத்தை மறைத்தால் ‘சப்ரெஸ்’, திமிறும் ஆளை இறுகப் பிடித்தால் ‘ரெஸ்ட்ரெய்ன்’. இப்படிச் சோடியாகப் படிக்கச் சொல்லுங்கள். ரொஜெட் என்ற மருத்துவர் 1852இல் இலண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியம்கூடச் சொற்களைக் கருத்து வாரியாகத்தான் அடுக்கியது. சொல்லவேண்டிய கருத்து மனதில் இருக்கிறவர் பொருத்தமான சொல்லைத் தேடிப் போகும் இடம் அது.

கேள்வி (தெஹிவளை): பெரஹரா ஊர்வலத்தில் வரும் யானையை ‘டேம்’ என்பதா, ‘டொமெஸ்டிகேட்டட்’ என்பதா? இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, இது நல்ல கேள்வி. ‘டேம்’ என்பது ஒரு தனி மிருகத்துக்கு நடப்பது. காட்டில் பிறந்த யானையைப் பிடித்து, பழக்கி, பாகன் சொல் கேட்கவைத்தால் அது ‘டேம்’. மற்றது ஒரு இனத்துக்கே நடப்பது. தலைமுறை தலைமுறையாக மனிதன் தெரிவுசெய்து இனப்பெருக்கம் செய்வித்து, குணமும் உடலும் மாறிவிட்ட விலங்குகளுக்கு உரியது: மாடு, ஆடு, நாய். ஆசிய யானையை மனிதர் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பழக்கிவந்தாலும் அந்த இனம் அப்படி மாற்றப்படவில்லை. நம் நாட்டில் காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் கிரால் 1950 வரை நடந்தது. கடைசியாக நடந்த இடம் பனாமுரே. ஆனையிறவுக்கு அந்தப் பெயர் வந்ததும் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசென்ற வழி என்பதால்தான். ஆகவே நவம் பெரஹராவில் கங்காராமை விகாரையைச் சுற்றி வரும் யானையை ‘டேம்’ என்று எழுதுங்கள். மறுபக்கமும் உண்டு: வீட்டு எருமை ‘டொமெஸ்டிகேட்டட்’ இனம், ஆனால் முட்டவரும் எருமை ‘டேம்’ அல்ல.

கேள்வி (நாரஹேன்பிட்டி, சுகாதாரத் துறை): அறிக்கைகளில் டெங்குவுக்கு ‘கொன்ட்ரோல்’, மலேரியாவுக்கு ‘எலிமினேஷன்’, பெரியம்மைக்கு ‘இரடிகேஷன்’ என்று போடுகிறார்கள். மூன்றையும் ‘ஒழிப்பு’ என்றே எழுதுகிறோம். சரியா?

சரியில்லை. தயவுசெய்து மாற்றுங்கள். நோயைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்து, அந்த அளவிலேயே வைத்திருக்க ஓயாமல் வேலை செய்வது ‘கொன்ட்ரோல்’. நுளம்பு பெருகும் இடங்களை அழிப்பதை நிறுத்தினால் டெங்கு திரும்ப வரும். ஒரு நாட்டுக்குள் தொற்றுப் பரவல் பூச்சியமானால் ‘எலிமினேஷன்’. மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2016 செப்டெம்பரில் சான்று கொடுத்தது இந்தப் பொருளில்தான். உலகம் முழுவதிலும் இல்லாமல் போவது ‘இரடிகேஷன்’. பெரியம்மைக்கு அது 1980இல் அறிவிக்கப்பட்டது. இந்த வேறுபாட்டுக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். முடிந்துவிட்டது என்று கவனம் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மலேரியா பெருந்தொற்றாகத் திரும்பிவிட்டது. கட்டுப்பாட்டுக்கு ‘ஒழிப்பு’ என்று எழுதினால் வாசிக்கிறவர் வேலை முடிந்துவிட்டது என்றே எண்ணுவார்.

கேள்வி (கல்கிசை): எனக்குச் சீனி வியாதி. ‘அண்டர் கொன்ட்ரோல்’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. மருந்தை நிறுத்தலாமா?

உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், அவரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.

கேள்வி (கோட்டை, வங்கி ஊழியர்): பணவீக்கத்துக்கு எந்த வினை?

பலதும் பொருந்தும். எல்லைக்குள் பிடித்து நிறுத்த ‘கேர்ப்’, கைமீறிப் போனதை இழுத்துப் பிடிக்க ‘ரெயின் இன்’, செய்தித் தலைப்புக்கு ‘டேம்’. மூன்றில் முதல் இரண்டும் குதிரைக் கடிவாளத்திலிருந்து வந்தவை, அதனால் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமல் மட்டுப்படுத்தும் பொருள் அவற்றில் இருக்கிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3. முதல் நிலைமையில் இந்த வினைகள் வேண்டும். இரண்டாவதில் ‘சப்டியூட்’ என்ற பெயரடையே போதும். ஒன்றைக் கவனியுங்கள்: வீதம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல, ஏறும் வேகம்தான் குறைந்தது.

கேள்வி (வத்தளை): ‘ஹார்னஸ்’ இதே குடும்பமா?

குதிரைச் சேணம் என்ற அளவில் ஆம். ஆனால் அது வலிமையை அடக்காமல் வேலைக்குப் பூட்டுவது. காற்று, நீர், சூரிய ஒளிக்கு எழுதுங்கள்.

கேள்வி (மருதானை): ஒத்த சொற்களின் லிஸ்ட் கிடைக்குமா மிஸ்?

மட்டக்குளித் தந்தைக்கு எழுதியதைப் பாருங்கள்.

கேள்வி (கொழும்பு, பத்திரிகை உதவி ஆசிரியர்): ஆங்கிலச் செய்தியில் ஆர்ப்பாட்டம் ஒன்றைப் பொலிஸார் ‘குவெல்’ செய்தார்கள் என்று இருந்தது. ‘கலகத்தை அடக்கினர்’ என்று போட்டேன். வாசகர்கள் கோபிக்கிறார்கள். நான் செய்தது பிழையா?

வாசகர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். ‘குவெல்’ எதனோடு சேரும் என்று பாருங்கள்: கலகம், கிளர்ச்சி, வதந்தி, அச்சம். ஓயவேண்டியது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றோடுதான் அது சேர்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கொல்லுதல் என்றே பொருள். அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள்மேல் அந்த வினையை வைத்தால், அவர்கள் கலகக்காரர்கள் என்ற தீர்ப்பும் கூடவே போய்விடுகிறது. ஆங்கிலச் செய்தி செய்த தவறை நீங்கள் இன்னும் அழுத்தமாகச் செய்திருக்கிறீர்கள்.

கேள்வி (கிருலப்பனை): ஒப்புக்கொள்ள முடியாது. அகராதியில் ‘முடிவுக்குக் கொண்டுவருதல்’ என்றுதான் இருக்கிறது. தீர்ப்பு எங்கே இருக்கிறது?

அகராதியின் பொருள்வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அதற்குக் கீழே உள்ள உதாரணங்களை வாசியுங்கள். கொண்டாட்டத்தையோ திருமண ஊர்வலத்தையோ யாரும் ‘குவெல்’ செய்வதில்லை. ஏன்? அவை தீங்கு அல்ல. தீர்ப்பு அந்த வினையின் துணைச்சொல்லில் இருக்கிறது.

கேள்வி (கிருலப்பனை): அப்படியானால் ‘சப்ரெஸ்’ போட்டால் அரசுக்கு எதிரான தீர்ப்பு ஆகாதா? அதுவும் பக்கச்சார்புதானே?

பாதி சரி. கிளர்ச்சியோடு சேரும்போது ‘சப்ரெஸ்’ ஓரளவு நடுநிலை. செய்தி, கருத்து, போராட்டம் இவற்றோடு சேர்ந்தால் அநியாயம் என்ற நிறம் ஏறும். ‘ரிப்ரெஸ்’ இன்னும் கடுமை, ‘ஒப்ரெஸ்’ என்பது நீண்டகாலம் மக்களை நசுக்குவது. ‘க்ரஷ்’ என்றால் வன்முறை நடந்தது என்று சொல்லியே ஆகவேண்டும்.

கேள்வி (வெள்ளவத்தை, வரலாற்று ஆசிரியர்): 1818 ஊவாவை இந்தச் சண்டையில் சேர்க்கலாமே?

சேர்க்கத்தான் வேண்டும் ஐயா. கவர்னர் பிரவுன்ரிக்கின் காலத்து ஆங்கில ஆவணங்களில் 1817-18 ஊவா நிகழ்வு ‘ரெபெலியன்’, அதாவது கலகம். அதற்கு ‘சப்ரெஸ்’, ‘குவெல்’ இரண்டும் ஏற்ற வினைகள். இன்றைய பாடநூல்களில் அதே நிகழ்வு சுதந்திரப் போராட்டம். போராட்டம் என்று எழுதியபின் ‘குவெல்’ அங்கே நிற்காது. பெயர் மாறியதும் வினையும் மாறியே ஆகவேண்டும்.

கேள்வி (கொழும்பு, அதே உதவி ஆசிரியர்): விளங்குகிறது. ஆனால் இரவு பத்து மணிக்குப் பக்கம் போகவேண்டும். நான் என்ன போடுவது?

கண்ட காரியத்தைப் போடுங்கள். கூட்டம் கலைந்ததா? ‘டிஸ்பேர்ஸ்’. இடத்தைக் காலிசெய்தார்களா? ‘க்ளியர்’. கண்ணீர்ப்புகையா, நீர்த்தாரையா, தடியடியா என்று சேர்த்து எழுதுங்கள். 2022 அரசு எதிர்ப்புப் போராட்டத்தையே எடுங்கள். மே 9 அன்று காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டார்கள், அன்றிரவே பல ஊர்களில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. அந்த இரவின் தீவைப்புகளை நிறுத்தியதற்கு ‘குவெல்’ என்று எழுதினால் நான் குறை சொல்லமாட்டேன். ஜூலை 22 விடியுமுன் ஜனாதிபதிச் செயலகத்தின் முன் படையினர் புகுந்தது வேறு விஷயம். அன்று பிற்பகல் கட்டடத்தைக் கையளிப்பதாகப் போராட்டக்காரர்கள் முன்பே அறிவித்திருந்தார்கள். அங்கே அந்த வினை பொய் சொல்லும். ஒரே வருடம், ஒரே நாடு, இரண்டு வினைகள்.

கேள்வி (கிருலப்பனை): சரி மிஸ், மே 9க்கும் ஜூலை 22க்கும் ஒரே வினை பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் நடுநிலையான வினை என்று ஒன்று இல்லை என்பேன்.

முழுமையாக நடுநிலை இல்லாவிட்டாலும், கண்ணால் பார்த்ததற்கு அருகில் நிற்கும் வினை உண்டு. அதைத்தான் செய்தியில் கேட்கிறேன்.

கேள்வி (முகத்துவாரம்): தீ ‘அண்டர் கொன்ட்ரோல்’ என்றால் அணைந்துவிட்டதா?

இல்லை. பரவுவது நின்றது என்றுதான் பொருள், உள்ளே இன்னும் எரியலாம். உங்கள் கரையிலிருந்து புகை தெரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை நினைத்துப் பாருங்கள்: 2021 மே 20 தீ, 25 வெடிப்பு, ஜூன் 2 மூழ்கத் தொடங்கியது. அணைந்தபின் மட்டும் அணைந்தது என்று எழுதுங்கள்.

கேள்வி (பொரளை): ‘கொன்ட்ரோல் ஓவர் த க்ரவுட்’ சரியா?

பெயர்ச்சொல்லாக வந்தால் ‘ஓவர்’ வரலாம். வினையாக வந்தால் வராது. ‘சப்டியூ’வுக்கும் ‘ஓவர்’ வேண்டாம்.

கேள்வி (வெள்ளவத்தை): ‘ஃப்ரீ ரெயின்’ என்பதில் எந்த எழுத்துக்கூட்டல்?

கடிவாளத்துக்குரியது. ஜி எழுத்து வராது. ஜி போட்டால் அரசாட்சி ஆகிவிடும்.

கேள்வி (கிராண்ட்பாஸ்): ஒத்த சொற்கள் பி.டி.எஃப். அனுப்புவீர்களா?

மாட்டேன். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்: வினையைத் தனியாகப் படிக்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் பெயரோடு படியுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, முதலில் கேட்ட மாணவி): ‘த டீச்சர் சப்டியூட் த க்ளாஸ்’ என்று எழுதலாமா மிஸ்?

பிள்ளைகள் கதிரைகளை எறிந்துகொண்டிருந்தால் எழுதலாம். சத்தம் மட்டும் என்றால் ‘க்வயட்டன்ட்’ போதும்.