பால்குடி மருமகள்

கேள்வி: எங்கள் மலை ஊர்களில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சீனாவில் கைக்குழந்தையையே மருமகளாக எடுத்து வளர்த்தார்களாமே, ஏன் அப்படி?
- ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: உண்மைதான் சகோதரி. தோங்யாங்ஷி என்ற அந்த வழக்கம் சீனாவின் ஃபூஜியன், ஜியாங்ஷி மாகாணங்களிலும் தைவான் பக்கமும் நிறையவே இருந்தது. முதல் காரணம் பணம். அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசப் பணம் கொடுக்க வேண்டும், அப்புறம் கல்யாண விருந்துச் செலவு வேறு. குழந்தையாகவே எடுத்துவிட்டால் இரண்டும் மிச்சம், வீட்டு வேலைக்கும் ஆள் ஆச்சு. பெற்றவர்களுக்கோ சோறு போட ஒரு வாய் குறையும். மாமியார் கைக்குள் வளர்ந்தவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்ற கணக்கும் உண்டு. சில தாய்மார்கள் தாங்கள் பெற்ற பெண்ணை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மகனுக்கென்று எடுத்த பெண்ணுக்குப் பால் கொடுத்திருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அண்ணன் தங்கையாக வளர்ந்த இருவரிடம் ஒரு புத்தாண்டு இரவில் "இன்று முதல் நீங்கள் புருஷன் பெண்டாட்டி" என்று சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான் கல்யாணம். தைவானில் இதை ஆராய்ந்த மானுடவியலாளர் ஆர்தர் வுல்ஃப், இந்தத் தம்பதிகளிடையே விவாகரத்து அதிகம், குழந்தைகள் குறைவு என்று காட்டினார். சீனாவில் 1950 திருமணச் சட்டம் இதைத் தடை செய்தது.

உங்கள் ஊரில் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தால் பத்திரிகை அடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.