பையை முதலில் எடை போடச் சொல்லுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் 'அப்பலாச்சியன் டிரெயில்' நடக்கப் போகிறானாம். இது என்ன கூத்து? தடுப்பதா, விடுவதா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அம்மா)

பதில்: தடுத்தால் நிற்கப் போகிறாரா என்ன! அது அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் மலைகளூடே போகும் நெடிய நடைபாதை: ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் உச்சி வரை 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். மூன்றாவது வாரமே பிள்ளை திரும்பி வந்தால் சிரித்துவிடாதீர்கள் அம்மா.

நான் வர்ஜீனியாவாசி. பாதையில் கால்வாசி இந்த ஒரு மாநிலத்துக்குள்தான் கிடக்கிறது. லீவு கிடைக்கிறபோது துண்டு துண்டாக நடக்கிற ரகம் நான். முதல் தடவை இங்குள்ள ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் நாலே நாளுக்கு 19 கிலோ சுமந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம், முன்பக்கம் சுவரே இல்லாத ஒரு மரக்குடிலில், ஜார்ஜியாவிலிருந்தே நடந்து வந்த ஒரு பெண் என் பையைத் தரையில் கவிழ்த்தார். மூன்று ஜீன்ஸ், முழு பாட்டில் ஷாம்பூ, கெட்டி அட்டை போட்ட நாவல். "இது எதுக்கு? இது எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய டூத்பிரஷ்ஷில் பாதிக் கைப்பிடி இல்லை. எடைக்காக அறுத்து எறிந்திருந்தார்! ஜீன்ஸ் நனைந்தால் லேசில் காயாது என்பதை மறுநாள் மழை சொல்லிக்கொடுத்தது.

ஆகவே கரடியைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம், பையை எடை போட்டாரா என்று கேளுங்கள். கரடியைவிட உண்ணிக்குப் பயப்படச் சொல்லுங்கள். லைம் நோய் அதனால்தான் வருகிறது. தினமும் படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிட வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் கிளம்புவார்கள். அக்டோபர் நடுவாக்கில் குளிர் வந்து கட்டாடினை மூடிவிடும், அதற்குள் போய்ச் சேர வேண்டும். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சாமான் வாங்க நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் இறங்குவார், அப்போது பேசுவார். நடுவில் போன் வரவில்லை என்று பதறாதீர்கள்.

கேள்வி: அத்தனை பெரிய காட்டில் வழி தவறாதா?

பதில்: மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால், முன்னே திருப்பம் என்று பொருள். நீலப் பட்டை கிளைவழிக்கு: தண்ணீருக்கோ குடிலுக்கோ போகும். அரட்டை அடித்துக்கொண்டே நீலத்தைப் பிடித்து அரை மணி நேரம் இறங்கிய பெருமை எனக்கு உண்டு. ஏறுவதற்கு ஒரு மணி நேரம்.

கேள்வி: இதுபோல வேறு பாதைகளும் அங்கே உண்டா?

பதில்: 1968இல் வந்த சட்டம் அப்பலாச்சியனையும் பசிபிக் கிரெஸ்டையும் முதல் தேசிய இயற்கைக்காட்சிப் பாதைகளாக அறிவித்தது. இப்போது மொத்தம் 11. பசிபிக் கிரெஸ்ட், மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,260 கிலோமீட்டர். நான் அந்தப் பக்கம் காலே வைத்ததில்லை.

கேள்வி: எனக்கு வயது 61. மகளைப் பார்க்க வர்ஜீனியா வருகிறேன். ஆசைப்படலாமா?

பதில்: எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955இல், தம் 67ஆவது வயதில், முழுப் பாதையையும் தனியே நடந்து முடித்தார். பதினோரு பிள்ளை பெற்றவர். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த பை, மழைக்குக் குளியலறைத் திரை. அவரை அப்படியே பின்பற்ற வேண்டாம்! ஷெனாண்டோவா பூங்காவுக்கு வாருங்கள். மலைமேல் போகும் கார் சாலையைப் பாதை அடிக்கடி குறுக்கே வெட்டுவதால், முடியாத இடத்தில் மகளைக் காரோடு வரச் சொல்லிவிடலாம். காட்டில் ராத்தங்குவதானால் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுத்துவிடுங்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். முட்டி வலிப்பது இறக்கத்தில். கைத்தடி இரண்டாக வாங்குங்கள், ஒன்று போதாது.