எலிவேட்டர் தொங்கினா ஸ்டிக் எங்க இருக்கணும்? போர் விமான மாடல் கட்டுறவங்களுக்கு கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் இப்பதான் 1/72 ஸ்கேல்ல (நிஜ அளவுல 72ல ஒரு பங்கு) ஸ்பிட்ஃபையர் ஒண்ணு வாங்கிருக்கேன், ரெண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் விமானம். இறக்கையோட பின் விளிம்புல ஏலரான், படுக்கை வால்ல எலிவேட்டர், நிமிர்ந்த வால்ல ரட்டர், இந்த அசையுற பாகம் எல்லாம் கிட்ல நேரா ஒட்டியேதான் வருது. அப்படியே விட்டா தப்பா?

பதில்: தப்பே இல்ல தம்பி. முதல் கிட்னா அப்படியே கட்டு. ஆனா எது எதுக்குன்னு மட்டும் மனசுல ஏத்திக்கோ. ஸ்டிக்க (விமானி கையில புடிக்கற தண்டு) இடப்பக்கம் சாய்ச்சா இடது ஏலரான் மேல போகும், வலது ஏலரான் கீழ வரும், விமானம் இடப்பக்கமா உருளும். ஸ்டிக்க பின்னாடி இழுத்தா எலிவேட்டர் மேல போகும், மூக்கு தூக்கும். இடது பெடல மிதிச்சா ரட்டர் இடது பக்கம் திரும்பும். ஒண்ண அசைச்சா அதுக்கு ஏத்த மாதிரி காக்பிட்டுக்குள்ள ஸ்டிக்கும் பெடலும் அசைஞ்சே ஆகணும், இத நாம மறந்துடுறோம். வெளிய எலிவேட்டர் தொங்கிட்டிருக்கும், உள்ள ஸ்டிக் நட்ட நடுவுல நிக்கும். எவ்வளவு நல்லா பெயிண்ட் அடிச்சிருந்தாலும் அந்த மாடல் எனக்கு ஒட்டாது.

கேள்வி: நிறுத்தி வெச்ச ஸ்பிட்ஃபையர் ஃபோட்டோ நிறைய பாத்தேன், பல படத்துல எலிவேட்டர் கீழ தொங்குது. அத எப்படி வெட்டி ஒட்டுறது?

பதில்: இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச வேலை, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கத்தியோட முதுகுப் பக்கத்தால கீல் கோட்டுல மெதுவா திரும்பத் திரும்ப இழு, மேல பத்து தடவை, கீழ பத்து தடவை, அவசரப்பட்டு அழுத்துனா கத்தி கோட்ட விட்டு ஓடி ஸ்டெபிலைசர (எலிவேட்டருக்கு முன்னாடி இருக்கற அசையாத பாகம்) கிழிச்சிடும். பாதிக்கு மேல இறங்கினதும் லேசா வளைச்சா கையோட வந்துடும். வந்த எலிவேட்டரோட முன் விளிம்ப அரைவட்டமா சேண்ட் பண்ணு, இல்லன்னா அரைவட்ட பிளாஸ்டிக் ராடு ஒண்ண ஒட்டி தேய்ச்சுக்கோ. ஸ்டெபிலைசர் பக்கம் லேசா குழிவா சுரண்டி எடு. 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி ரெண்டு துண்டு ஊசி மாதிரி சொருகி சூப்பர் க்ளூ வெச்சா ஆடாது. இடைவெளி அகலமா விட்டுடாத, நிஜத்துல ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இந்த ஸ்கேல்ல 0.14 மி.மீ.தான், அதாவது ஒரு மெல்லிய கோடு.

இப்ப முக்கியமான ரெண்டு விஷயம். ஒண்ணு, இடது வலது எலிவேட்டர் ரெண்டும் உள்ள ஒண்ணா இணைஞ்சது, அதனால ரெண்டும் ஒரே கோணத்துலதான் இருக்கணும். இன்னொண்ணு, ஸ்பிட்ஃபையர் எலிவேட்டரோட வெளி முனையில கீலுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு ஒரு பாகம் இருக்கு பாரு, ஹார்ன் பேலன்ஸ்னு சொல்லுவாங்க. எலிவேட்டரோட பின் விளிம்பு கீழ இறங்குனா அந்த முனையோட முன்பக்கம் ஸ்டெபிலைசருக்கு மேல தூக்கி நிக்கும். அத வெட்டாம விட்டுட்டு பின்பக்கத்த மட்டும் வளைச்ச மாடல் நிறைய பாக்குறேன், அப்படி ஒரு எலிவேட்டர் நிஜத்துல அசையவே முடியாது.

கேள்வி: அப்ப ஸ்டிக்க முன்னாடி சாய்ச்சு ஒட்டணும், சரிதானே?

பதில்: சரி, முன்னாடிதான். ஆனா ஏலரானையும் அசைச்சிருந்தா கவனிக்கணும், ஸ்பிட்ஃபையர் ஸ்டிக் தரையிலேர்ந்து பக்கவாட்டுல சாயாது. முன்ன பின்ன போறது மொத்தத் தண்டும், இட வல சாயுறது நடுவுல இருக்கற மூட்டுக்கு மேல இருக்கற பாதி மட்டும். காக்பிட் அவ்வளவு ஒடுக்கம், கீழேர்ந்து சாய்ச்சா விமானியோட கால்ல இடிக்கும். 1/72ல யாரு பாக்கப் போறாங்கன்னு விடலாம், 1/32ல கண்டிப்பா தெரியும்.

கேள்வி: ஃபிளாப் (இறக்கையோட பின் விளிம்புல, தரையிறங்கறப்ப இறக்கற தகடு) இறக்கி வெச்சா மாடல் பாக்க கெத்தா இருக்கே, அதுக்கு எட்ச் செட்டும் (மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்கள்) வாங்கிட்டேன் சார்.

பதில்: கெத்துதான், ஆனா நிறுத்தி வெச்ச ஸ்பிட்ஃபையருக்கு அது பொருந்தாது. அதுல ஃபிளாப்புக்கு ரெண்டே நிலைதான், மேல இல்லன்னா ஒரேயடியா சுமார் 85 டிகிரி கீழ, நடுவுல எதுவும் கிடையாது, காத்தழுத்தத்துல வேலை செய்யும். தரையிறங்கினதும் டாக்ஸி பண்றதுக்கு (தரையில ஓட்டிட்டுப் போறதுக்கு) முன்னாடியே விமானி மேல ஏத்திடுவாரு, கீழயே விட்டா ரேடியேட்டருக்குப் போற காத்தும் தடைபடும், கல்லு மண்ணும் அடிக்கும். எட்ச் செட்ட வீணாக்க வேணாம், மெக்கானிக் ஃபிளாப்ப சோதிக்கற மாதிரி ஒரு காட்சி வை. அப்ப இறக்கையோட மேல் பக்கம் ரெண்டு சின்னக் கதவு தூக்கி நிக்கணும், ஃபிளாப் இறங்கியிருக்குன்னு விமானிக்குக் காட்டுறதே அதுதான். அத மறந்துடாதீங்க.

அமெரிக்க மஸ்டாங்னா (P-51) நேர் எதிர். எஞ்சின் நிறுத்தி கொஞ்ச நேரம் ஆனா ஹைட்ராலிக் அழுத்தம் கசிஞ்சு ஃபிளாப்பும் சக்கரத்தோட உள் கதவும் தானா இறங்கிடும். P-51Dய ஃபிளாப் இறக்கி கட்டுங்க, அழகாவும் இருக்கும், சரியாவும் இருக்கும்.

கேள்வி: ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 பறக்குற மாதிரி ஸ்டாண்ட்ல வெக்கறேன். இறக்கை முன்னாடி இருக்கற ஸ்லாட் திறந்திருக்கணுமா?

பதில்: எந்த வேகத்துல பறக்குதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அதுக்கு விமானி கையில லீவர் எதுவும் கிடையாது, காத்துதான் அத இயக்குது. வேகம் குறைஞ்சு மூக்கு தூக்கி பறக்கறப்ப, இல்லன்னா இறுக்கமா திரும்பறப்ப தானா வெளிய வரும், வேகமா நேரா போறப்ப காத்தே அத உள்ள அமுக்கிடும். சக்கரம் மடக்கி நேரா பாயுற 109க்கு ஸ்லாட் திறந்து வெச்சா தப்பு. தரையில நிக்கிறதுக்கு ரெண்டு விதமாவும் ஃபோட்டோ இருக்கு.

உங்களோடது 109E மாடலா? அப்ப இன்னொண்ணு, அதுல ஃபிளாப் இறக்கினா ரெண்டு ஏலரானும் சேர்ந்து கொஞ்சம் கீழ இறங்கும். ரெண்டு ஏலரானும் ஒரே பக்கம் போறது பொதுவா தப்பு, இந்த மாதிரி விமானத்துல மட்டும் அது சரி.

கேள்வி: திரும்புற மாதிரி சாய்ச்சு வெக்கறேன், அப்ப ஏலரான எவ்வளவு அசைக்கணும்?

பதில்: இங்கதான் ரொம்பப் பேருக்கு குழப்பம். ஏலரான் முடிவு பண்றது விமானம் எவ்வளவு வேகமா உருளுதுங்கறத, எவ்வளவு சாய்ஞ்சு நிக்குதுங்கறத இல்ல. 60 டிகிரி சாய்க்கணும்னா விமானி ஏலரான அசைப்பாரு, அந்த சாய்வு வந்ததும் ஸ்டிக்க கிட்டத்தட்ட நடுவுக்கு கொண்டு வந்துடுவாரு, இல்லன்னா உருண்டுக்கிட்டே போய் தலைகீழ ஆயிடும். அதனால நிதானமா சாய்ஞ்சு திரும்பற விமானத்துல ஏலரான் கிட்டத்தட்ட நேரா இருக்கும், எலிவேட்டர் லேசா மேல தூக்கியிருக்கும், ஏன்னா மூக்க வளைவுக்குள்ள இழுத்துப் புடிக்கறதே அதுதான். ஏலரான் நல்லா விலகி நிக்கணும்னு ஆசைன்னா சாய்வு குறைவா வெச்சு, இப்பதான் உருள ஆரம்பிச்ச கணமா காட்டுங்க.

கேள்வி: கிட்ல ரட்டர் மேல துணி தொய்ஞ்ச மாதிரி பள்ளம் பள்ளமா இருக்கு, அது நிஜமா?

பதில்: அந்தக் காலத்துல அசையுற பாகத்துக்கு துணி போத்தறது வழக்கம், எடை குறையும், அதிர்வும் குறையும். ஆனா துணிய டோப் (துணிய இறுக்குற ஒரு வகை வார்னிஷ்) அடிச்சு விறைப்பா இழுத்துடுவாங்க, தொய்வு அவ்வளவா தெரியாது. ப்ரைமர் ரெண்டு கோட் கனமா அடிச்சு தேய்ச்சு விடுங்க, விலா எலும்பு லேசா தெரிஞ்சா போதும். ஸ்பிட்ஃபையர் ஏலரானுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. துணி ஏலரான் அதிக வேகத்துல உப்பி, ஸ்டிக்க நகத்தவே முடியாத அளவுக்கு கனமாச்சு, அதனால 1941ல உலோகத் தகடு போத்துன ஏலரான் வந்துச்சு. நீங்க கட்டுறது 1940 கோடையில பறந்த Mk I வகைன்னா துணிதான், 1942 Mk Vன்னா தகடு, அங்க விலா கோடே தெரியக் கூடாது.

கேள்வி: நம்ம தேஜஸ்ல பின்னாடி வால் இறக்கையே இல்லையே, எலிவேட்டர் எங்க?

பதில்: டெல்டா இறக்கையோட பின் விளிம்புல இருக்கற எலிவான்தான் ரெண்டு வேலையும் பாக்குது. ரெண்டு பக்கமும் மேல போனா மூக்கு தூக்கும், ஒண்ணு மேல ஒண்ணு கீழ போனா உருளும். எவ்வளவு அசையணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். கோணத்த ஊகிச்சு ஒட்டாதீங்க, சூலூர்ல நிக்கிற தேஜஸ் படங்கள் கிடைக்குது, ஒரு படத்த வெச்சு அதையே அப்படியே கட்டுங்க.

கேள்வி: கடைசியா ஒண்ணு. ஸ்பிட்ஃபையர் எஞ்சின் ஓடிட்டு டாக்ஸி பண்ற மாதிரி டயோராமா (தரையோட சேர்த்த சின்னக் காட்சி), எப்படி வெக்கலாம்?

பதில்: நல்ல யோசனை. ஸ்டிக் முழுசா பின்னாடி, எலிவேட்டர் மேல, ஏன்னா மூக்கு கனம், ப்ரொபெல்லர் காத்து வால அமுக்கிப் புடிக்கணும். ஃபிளாப் மேல. ரட்டர் ஒரு பக்கம் நல்லா திரும்பியிருக்கட்டும், நீளமான மூக்கு முன்னாடி மறைக்கறதால நெளிஞ்சு நெளிஞ்சுதான் ஓட்டுவாங்க. வால் சக்கரம் ரட்டரோட இணைஞ்சது இல்ல, தானா சுழலும், அதனால அதோட கோணம் ரட்டரோட ஒத்துப் போகணும்னு அவசியமில்ல. காத்து பலமா அடிக்குற நாள்னா மெக்கானிக் ஒருத்தர வால் மேல குறுக்க படுக்க வைங்க, நிஜமாவே அப்படி செஞ்சிருக்காங்க. விமானியோட தலை மூக்கு திரும்பற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா வெளிய எட்டிப் பாக்கட்டும், அந்தப் பக்கம்தான் அவருக்கு வழி தெரியும்.