மகள் நெட்வொர்க் வேலைக்குப் போகலாமா? பண்ருட்டி முந்திரி வியாபாரிக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகளும் மஞ்சக்குப்பத்தில் என் படிப்பு ஆலோசனை அறைக்கு வந்திருந்தபோது வெளியே பிளஸ் டூ பெற்றோர் வரிசையாகக் காத்திருந்தார்கள். முழுதாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் அன்று கேட்டவை மூன்று. நெட்வொர்க் வேலை என்றால் கம்பத்தில் ஏறிக் கேபிள் இழுப்பதா? மகள் வாய்க்கு வாய் சொல்கிற வி.பி.என். என்பது தடை செய்த தளங்களைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற சமாச்சாரம்தானே? சென்னைப் பயிற்சி நிறுவனம் கேட்கிற தொண்ணூறாயிரத்தைக் கட்டிவிடலாமா, வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடியாமே?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு மாதம் கட்டாதீர்கள். மூட்டையைப் பிரித்துக் காட்டாமல், ‘இன்றைக்கே எடுத்தால் விலை குறைவு’ என்று ஒருவர் அவசரப்படுத்தினால் நீங்கள் கொட்டை வாங்குவீர்களா? ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் இப்படி வழவழப்பான ஒரு விளம்பரத் தாளை நம்பி, நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகனை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ‘வேலை உத்தரவாதம்’ என்று போட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அவனுக்குக் கிடைத்தது வருகைப் பதிவுக்கான சான்றிதழும், தொலைபேசியில் கடன் அட்டை விற்கிற வேலையும். உத்தரவாதம் என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் அதுதான் பொருள் போலிருக்கிறது. அந்தப் பணம் அவர் கரும்புக்கு வாங்கிய கடன். இன்றும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எனக்கு உறுத்தும்.

இனி வேலையைப் பற்றி. உங்களுக்குப் புதுச்சேரியை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். அது ஒரே துண்டு நிலம் அல்ல. காரைக்கால் தெற்கே தமிழ்நாட்டுக்கு நடுவில் கிடக்கிறது. மாஹே மேற்கே கேரளக் கரையில். ஏனாம் வடக்கே ஆந்திரத்தில், கோதாவரி ஓரம். மாஹேயிலிருந்து ஓர் அரசுக் கோப்பு புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு வரவேண்டுமென்றால் அடுத்த மாநிலங்களின் மண்ணைக் கடந்துதான் வரவேண்டும். அதற்காகப் புதுச்சேரி அரசு தனக்கென்று ஒரு சாலை போட்டுக்கொள்ளவில்லை. எல்லாரும் போகிற சாலையில், எல்லாரும் ஏறுகிற ரயிலில், முத்திரையிட்ட உறைக்குள் கோப்பு வருகிறது. வழியில் இருப்பவர்களுக்கு உறை தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. கேரளத்து ரயிலில் வந்ததால் அது கேரள அரசின் கோப்பாகிவிடுவதும் இல்லை. ஊருக்கெல்லாம் பொதுவான இணையத்தின் மேல் ஒரு நிறுவனம் தன் கிளைகளை இப்படிச் சேர்த்துக்கொள்வதற்குத்தான் மெய்நிகர் தனி வலையமைப்பு, அதாவது வி.பி.என்., என்று பெயர்.

முன்பு வங்கிகள் இரண்டு கிளைகளுக்கு நடுவில் லீஸ்டு லைன் என்று ஒரு தனிக் கம்பியையே வாடகைக்கு எடுக்கும். தூரம் கூடக் கூட வாடகை கூடும், யாரும் பேசாத நள்ளிரவிலும் வாடகை ஓடும். அந்தச் செலவைக் குறைக்கத்தான் 1990-களின் கடைசியில் பொறியாளர்கள் பொதுப் பாதையில் தனி வழி ஏற்படுத்தும் முறைகளை எழுதி வைத்தார்கள். அவற்றில் ஒன்றான ஐபிசெக் 1998-இல் ஒழுங்கான வடிவம் பெற்றது. இணையத்தில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். கிளையின் வாசலில் இருந்து வழி பார்த்து அனுப்பும் கருவியான ரவுட்டர், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் மறையாக்கம் செய்து, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி, வேறோர் உறைக்குள் போட்டு அனுப்பும். எதிர்முனை ரவுட்டர் பிரித்து எடுக்கும். நடுவில் இருக்கும் இணைய நிறுவனத்துக்கு இது தெரியவே வேண்டியதில்லை.

இன்னொரு வழி இதற்கு நேர் எதிர். அங்கே எல்லா வேலையையும் இணைய நிறுவனமே தன் கருவிகளில் செய்யும். எம்.பி.எல்.எஸ். வி.பி.என். என்று பெயர். 1999-இல் எரிக் ரோசன், யாகோவ் ரெக்தர் என்ற இருவர் இதன் முறையை எழுதினார்கள். 2006-இல் அது திருத்தி வெளிவந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தந்திரம் இருக்கிறது. நம் ஊர்களில் எங்கே போனாலும் ஒரு காந்தி தெரு இருக்கும், அதில் 5-ஆம் எண் வீடும் இருக்கும். அதேபோல் நிறுவனங்கள் தங்கள் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளும் முகவரிகளுக்கென 1996-இலேயே சில எண்களைப் பொதுவாக ஒதுக்கிவிட்டார்கள். 10 என்று தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை இப்படி. ஆகவே ஒரு வங்கியின் கணினிக்கும் ஒரு மருத்துவமனையின் கணினிக்கும் 10.1.1.5 என்ற ஒரே முகவரி இருக்கலாம். இருவரும் ஒரே இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்றால் குழப்பம்தானே? தபால்காரர் என்ன செய்வார்? காந்தி தெரு 5-ஐப் பார்க்குமுன் 607 என்று தொடங்குகிறதா, 605 என்று தொடங்குகிறதா என்று பின்கோடைப் பார்ப்பார், கடலூரா புதுச்சேரியா என்று தெரிந்துவிடும். இங்கும் 32 பிட் நீளமுள்ள கணினி முகவரிக்கு முன்னால் 64 பிட் நீளத்தில் ஓர் அடையாளத்தை ஒட்டி வைக்கிறார்கள். வங்கிக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று. வாடிக்கையாளருக்கு ஒன்று என்று வழிப்பட்டியலும் தனித்தனி.

இதை உங்களுக்கு ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அன்று உங்கள் மகள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதைப் பற்றியதுதான். “அப்படிப் பிரித்து வைத்தால் போதுமா சார், மறையாக்கம் வேண்டாமா?” என்றாள். எம்.பி.எல்.எஸ். பிரித்து வைக்கும், ஆனால் தானாக மறைத்து வைக்காது. தனி என்பது வேறு, ரகசியம் என்பது வேறு. இந்த வேறுபாடு புரியாமல் பொறியியல் பட்டத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போய்த் தடுமாறியவர்களை எனக்குத் தெரியும். அவள் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே அதைக் கேட்டுவிட்டாள். என் கணிப்பு முழுக்க அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

திருட்டுத்தனம் என்ற பயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது கைபேசியில் இறக்கிக்கொள்கிற செயலிகளை. தொழில்நுட்பம் ஒன்றே, ஆனால் தொழில் வேறு. கத்தி கசாப்புக் கடையிலும் இருக்கிறது, அறுவை அறையிலும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வி.பி.என். சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும் என்று ஆணையிட்டது. நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்காக நடத்தும் வி.பி.என்.-களுக்கு அது பொருந்தாது என்றும் பின்னர் விளக்கியது. உங்கள் மகள் போக நினைப்பது இந்த இரண்டாவது பக்கம். இலவசச் செயலிகளைக் கண்டபடி இறக்காமல் இருக்கச் சொல்லுங்கள், அவ்வளவு போதும். நம் தரவு முழுவதும் அதை நடத்துகிறவர் கைவழியாகத்தான் போகும். யார் நடத்துகிறார் என்று தெரியாத இடத்தில் அது நல்லதல்ல.

கம்பத்தில் ஏறவேண்டியதில்லை. ஆனால் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நெட்வொர்க் கண்காணிப்பு மையங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுபவை. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் இரவு ஷிப்ட் வரும். வேலையும் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும்தான். கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரியின் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் இடம் உண்டு என்றாலும் எண்ணிக்கை குறைவு, அனுபவம் கேட்பார்கள். பெண் பிள்ளை இரவில் வேலைக்குப் போவதா என்று வேலை உத்தரவு வந்த பிறகு வீட்டில் சண்டை போடாதீர்கள். இப்போதே அம்மாவையும் உட்காரவைத்துப் பேசி முடியுங்கள். இரவு வாகனம் உண்டா, விடுதி எங்கே என்று நேர்முகத் தேர்விலேயே கேட்பது தவறல்ல என்று அவளிடமும் சொல்லுங்கள்.

இன்னொரு உண்மை. கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டுகிற வேலை குறைந்துகொண்டே வருகிறது. எஸ்.டி.-வான் என்ற முறை வந்த பிறகு நூறு கிளைகளின் ரவுட்டர்களை ஒரே திரையிலிருந்து அமைத்துவிடுகிறார்கள். ஏன் உடைந்தது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. அதனால்தான் தொண்ணூறாயிரத்துக்குப் பதிலாக நான் ஒரு பரீட்சை வைக்கிறேன். பண்ருட்டியில் உங்கள் கடை, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உங்கள் மைத்துனர் வீடு. இரண்டுக்கும் நடுவில் அவளே ஒரு வி.பி.என். அமைக்கட்டும். வயர்கார்டு என்ற இலவச மென்பொருள் போதும். ஏறத்தாழ நாலாயிரம் வரிகளே கொண்ட சிறிய நிரல் அது. 2020 மார்ச்சில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் உட்கருவிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அவள் எங்கெங்கே தடுக்கி விழுவாள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அவளிடம் சொல்லாதீர்கள். முதலில், எந்தப் பக்கத்திலிருந்தும் எதிர்ப்பக்கத்தைக் கூப்பிட முடியாமல் போகலாம். முகவரி பற்றாக்குறையால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அதுதான் காரணம். அப்போது பொது முகவரியுள்ள ஒரு சிறு சர்வரை மாதம் சில நூறு ரூபாய்க்கு எடுத்து, இரண்டு வீடும் அதைக் கூப்பிடும்படி செய்யவேண்டும். அந்தச் செலவை மட்டும் கொடுங்கள். அடுத்து, இரண்டு வீட்டிலும் 192.168.1 என்ற ஒரே எண் வரிசை இருக்கும், காந்தி தெருக் கதைதான். ஒரு பக்கத்தை மாற்றவேண்டும். இந்த இரண்டையும் தேடிப் பிடித்துவிடுவாள்.

மூன்றாவதில்தான் தூக்கம் போகும். எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தெரியும். எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற பிங் பதில் தரும், சின்னப் பக்கங்கள் திறக்கும். கிடங்கு கேமராவின் படத்தை அனுப்பினால் மட்டும் அப்படியே நிற்கும். சாதாரண இணைப்பில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். உறைக்குள் உறை போட்டால் உறையும் இடம் பிடிக்கும், உள்ளே வைக்கக்கூடியது குறையும். வயர்கார்டு பெரும்பாலும் 1420 பைட் என்று வைத்துக்கொள்வது அதற்காகத்தான். பெரிய பொட்டலம் வழியில் விழுந்துவிட, ‘விழுந்துவிட்டது’ என்று சொல்லவேண்டிய செய்தியையும் வழியில் காவல் நிற்கிற ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், இரு பக்கமும் ஒன்றும் தெரியாமல் விழிக்கும். அனுபவசாலிகளே ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் இது. உங்கள் மகள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்த மூன்று நாளும் அவள் எரிச்சலோடு விட்டுவிடுகிறாளா, சாப்பாட்டை மறந்து உட்காருகிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

அது முடிந்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள், நீங்களே கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம்மைப் புரட்டியதே, அப்படி இன்னொன்று வந்தால் உன் இணைப்பு என்ன ஆகும்? ‘இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குவேன்’ என்பாள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில், ஒரே பாலத்தின் மேல் போனால்? பொதுப் பாதையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் பள்ளமும் பொதுதான். இதை யோசிக்கத் தெரிந்தால் அவள் வடிவமைப்பு வேலை வரை போவாள்.

படிப்பு பற்றிச் சுருக்கமாக. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் நெட்வொர்க் பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதினால்தான். கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் டிரேசரும் இலவசம். அதே சிஸ்கோ தரும் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் சான்றிதழுக்கு முன்தகுதி எதுவும் இல்லை, நேராக எழுதலாம், மூன்றாண்டு செல்லும். அதோடு லினக்ஸ், கொஞ்சம் பைதான் என்ற நிரல் மொழி. எம்.எஸ்சி. சேர்வதா என்பதை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்.

கேமரா படம் பண்ருட்டியிலிருந்து முத்தியால்பேட்டைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் இருவரும் வாருங்கள். எங்கே தடுக்கியது, எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வரச் சொல்லுங்கள், எனக்கு அதுதான் வேண்டும். சனிக்கிழமை காலை வேண்டாம், கூட்டம் இருக்கும். மூன்று மணிக்கு மேல் வந்தால் நிதானமாகப் பேசலாம்.