சிவப்பு போய்விட்டது, ஸ்டீராய்டை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. 2 ஆண்டுகளாக மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை பெறுகிறாள். சென்ற மாதம் கண் சிவந்து பார்வை மங்கியது. யுவைட்டிஸ் (கண்ணுக்குள் அழற்சி) என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது சிவப்பு இல்லை; ஆனால் முகம் உப்பியிருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சி நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டால் போதும் என்கிறார் மாமியார். மருந்தை நிறுத்தலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. மூட்டுவாதமுள்ள குழந்தைகளுக்கு வரும் இந்தக் கண் அழற்சி, சிவப்போ வலியோ இல்லாமலேயே உள்ளே நீடிக்கக்கூடியது என்பதால், கண் வெளுத்திருப்பதை வைத்து நோய் தணிந்துவிட்டது என்று முடிவுகட்ட இயலாது. ஸ்லிட் லாம்ப் கருவியின் ஒளிக்கீற்றில், கண்ணின் முன்னறை நீரில் மிதக்கும் வெள்ளணுக்களைப் பார்த்துத்தான் மருத்துவர் அதைச் சொல்ல முடியும். அழற்சி நீடித்தால் பாவையின் விளிம்பு பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், கண்புரை விழும், விழித்திரையின் நடுவில் நீர் கோத்துப் பார்வை நிரந்தரமாகக் குறையலாம்.

உங்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஸ்டீராய்டும் கண்புரையையும் கண் அழுத்தத்தையும் உண்டாக்கக்கூடும். மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால் குழந்தை உயரும் வேகம் குறையும். அதனால்தான் ஸ்டீராய்டால் அழற்சியை விரைவாக அடக்கி, அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே உடலின் மிகையான எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துக்கு மாற்றுகிறார்கள். அதுவும் போதாதபோது அடாலிமுமாப் ஊசியைச் சேர்க்கிறார்கள். 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், மெத்தோட்ரெக்ஸேட்டுடன் இந்த ஊசியும் பெற்ற குழந்தைகளில் 27 விழுக்காட்டினருக்கே சிகிச்சை பலனளிக்காமல் போனது. ஊசி பெறாதவர்களில் அது 60 விழுக்காடு. உங்கள் மகளுக்கு இவை தேவைப்படுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டாலே, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இந்நிலையில் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தக் குறைவு என உயிருக்கே ஆபத்தாகலாம். முக உப்பலோ, மருந்தைக் குறைக்கக் குறைக்க வடிந்துவிடும். அதுவரை கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் வைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நந்தியாவட்டை நம் ஊர் முற்றங்களில் வளரும் செடிதான். மாமியாரும் பேத்தி மீதுள்ள அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் ஸ்டீராய்டு விடும் கண்ணுக்குக் கிருமியை எதிர்க்கும் வலிமை குறைவு. வீட்டில் பிழிந்த சாற்றால் கருவிழியில் புண் வந்தால் ஆறுவது கடினம். தயவுசெய்து விடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரெட்னிசலோன் அசிடேட் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் மருந்துத்தூள் குப்பியின் அடியில் தங்கிவிடும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் தெளிந்த மேல்நீர்தான் கண்ணில் விழும். விட்டபின் மூக்கோரக் கண்முனையை 2 நிமிடம் விரலால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்கு வழியாக உடலுக்குள் இறங்குவது குறையும். இரண்டாவது சொட்டு மருந்தை 5 நிமிடம் கழித்து விடுங்கள்.

பள்ளியிலோ அண்டை வீட்டிலோ யாருக்காவது சின்னம்மை கண்டிருந்தால், அல்லது வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று, குழந்தை ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.